66 செவர்லே சி10-க்கு மாஸ்டர் சிலிண்டர் வாங்கப் போய்ப் பட்ட பாடு

பழைய பிக்கப்புக்கு பிரேக் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்புவது) தேடுகிறவர்கள், கவுன்டரில் இருப்பவர் கணினியைப் பார்த்து "இது சேரும்" என்றதும் பணத்தை நீட்டிவிடாதீர்கள். போல்ட் உட்காருமா என்பதற்கு மேல் அந்தக் கணினிக்கு ஒன்றும் தெரியாது.

என் சி10 1966 மாடல். செவர்லேயில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை வைத்த இரட்டை அறை சிலிண்டர் அடுத்த வருஷ மாடலில்தான் வந்தது, இதில் ஒற்றைதான், ஆயில் போகும் லைன் எங்காவது ஒன்று விட்டுப்போனால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. அதனால் இரட்டைக்கு மாறலாம் என்று போனேன். முன்பக்கம் டிஸ்க் மாற்றியாச்சு, பூஸ்டர் (மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தருவது) கிடையாது என்று தெளிவாகத்தான் சொன்னேன். அவர் வருஷம், மாடல், எஞ்சின் எல்லாம் தட்டிவிட்டு அதே ஒற்றை அறையை எடுத்து வைத்தார்! மறுபடி விளக்கியதும், பின்னால் வந்த ஏதோ டிரக்கினுடையதைக் கொடுத்து, எல்லாம் ஒன்றுதான் என்றார்.

மாட்டி, ஏர் எடுத்து மிதித்தால் பெடல் கல் மாதிரி நிற்கிறது, வண்டி நிற்கமாட்டேன் என்கிறது. அது பூஸ்டர் வண்டிக்கான 1⅛ அங்குல போர் (சிலிண்டரின் உள்விட்டம்). 1 அங்குலத்தோடு பார்த்தால் பிஸ்டன் பரப்பு கால் பங்குக்கு மேல் அதிகம், அதே மிதிக்கு லைனில் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதைவிட மோசம், பெடலிலிருந்து வரும் தண்டு (புஷ்ராடு) உட்காரும் பிஸ்டன் குழி அரை அங்குல ஆழம்கூட இல்லை. பூஸ்டர் இல்லாத வண்டியில் குழி ஆழமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புஷ்ராடு நழுவிவிடும். திருப்பிக் கொண்டுபோனால், ஆயில் ஊற்றிவிட்டீர்கள், எடுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

அடுத்த கடைக்கு ஒரு டிரில் பிட்டோடு போனேன். பெட்டியைப் பிரித்து குழிக்குள் விட்டுப் பார்த்தேன், ஒன்றரை அங்குலத்துக்கு மேல் இறங்கியது. 1 அங்குல போர், முன் டிஸ்க் பின் டிரம். நாலும் டிரம்முக்கானதை விலை குறைவு என்று நீட்டினார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். அதற்குள் இருக்கும் வால்வு லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும், டிரம்முக்குச் சரி, டிஸ்க்கில் பேட் உரசிக்கொண்டே இருந்து சூடேறும்.

மாட்டும் வேலை சுலபம். வைஸில் பிடித்து ஏர் எடுத்துவிட்டு மாட்டுங்கள், பெரிய அறை டிஸ்க் பக்கம். பழைய லைன் நட்டு அளவு புதுசுக்குச் சேராது, அடாப்டரையும் அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள். இப்போது மிதித்த இடத்தில் நிற்கிறது. அந்த 1⅛ இன்னும் அலமாரியில்தான் கிடக்கிறது, பூஸ்டர் வண்டி வைத்திருப்பவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.