4294967297ஐக் கொப்பியில் உடைத்துப் பார்த்தோம்

2இன் 32ஆம் வலுவோடு 1 கூட்டினால் வருவது 4294967297. வலுவை 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய் 1 கூட்டினால் ஒரு வரிசை கிடைக்கும். இந்த வரிசையில் 3, 5, 17, 257, 65537 எல்லாம் முதன்மை எண்கள். அடுத்து வருகிறவையும் அப்படித்தான் இருக்கும் என்று கணிதவியலாளர் பெர்மா நம்பினார். 1732இல் இன்னொரு கணிதவியலாளர் ஒயிலர் இந்தப் பத்து இலக்க எண்ணைக் காரணிகளாக உடைத்துக் காட்டினார். விடை தெரிந்த கணக்குதான், என்றாலும் கையால் செய்து பார்க்க ஆசை. ஹட்டன் மழையில் ஞாயிறு வெளியே போகவா முடியும்? அக்கா மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு, அவளையும் சேர்த்துக்கொண்டேன். வீட்டுக் கல்கியூலேட்டரில் எட்டு இலக்கத்துக்கு மேல் ஏறாது. ஆகவே சீ.ஆர். கொப்பியும் பென்சிலும்தான்.

வர்க்கமூலம் 65536ஐ ஒட்டி வரும். எண் உடையுமானால் அதுவரைக்குள் ஒரு காரணி இருந்தாக வேண்டும். ஆனால் அதுவரை 6542 முதன்மை எண்கள் இருக்கின்றன. நல்ல வேளையாக 1878இல் கணிதவியலாளர் லூக்கா சொன்ன விதி கைகொடுத்தது: இதன் முதன்மைக் காரணி எதுவானாலும் 128இன் ஒரு மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கும். 129, 257, 385, 513, 641 என்று எழுதிப் பார்த்தால் முதன்மை எண்கள் 257உம் 641உம் மட்டுமே. 257க்கு வகுக்கவே வேண்டாம். 256 அதைவிட 1 குறைவு, ஆகவே மீதிக் கணக்கில் 256ஐ −1 என்று வைக்கலாம். 2இன் 32ஆம் வலு அந்த 256இன் நான்காம் வலு, ஆகவே 1. ஒன்றைக் கூட்ட மீதி 2. அடுத்தது 641, மீதியில்லாமல் போனது. ஈவு 6700417.

பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள். 6700417 முதன்மை எண்தானா என்று யார் பார்ப்பது? அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2588, விதியும் அதேதான்.

“மாமா, 1409ஓட நிறுத்தலாமா?”

நிறுத்தலாம். அதற்குமேல் 2561 வரை வருகிறவை எல்லாம் உடைகின்றன; 2561கூட 13 × 197. 257, 641, 769, 1153, 1409 ஆகியவற்றால் வகுக்க மீதி முறையே 170, 44, 120, 334, 622. ஆக, முதன்மை எண்ணேதான்.

எனக்கு மிகவும் பிடித்தது அப்புறம் வந்ததுதான். நம் எண் 65536² + 1². 641 என்பது 25² + 4². இந்த இரண்டையும் வைத்து, 65536ஐ 25ஆல் பெருக்கி 4 கழித்து 641ஆல் வகுத்தால் 2556. 65536ஐ 4ஆல் பெருக்கி 25 கூட்டி வகுத்தால் 409. பார்த்தால் 6700417 = 2556² + 409². 25 × 2556 − 4 × 409 = 62264, 25 × 409 + 4 × 2556 = 20449 என்று குறி மாற்றிப் பெருக்கினால் நம் எண்ணுக்கு இன்னொரு வடிவம் கிடைக்கிறது: 62264² + 20449². ஒரு முதன்மை எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டாக இரண்டு விதமாக எழுதவே முடியாது. 641ஐப் பற்றி ஒன்றுமே தெரியாதவருக்கும் இந்த ஒரு வரி போதும், எண் உடையும் என்று சொல்ல. அந்த 20449ஏ 143இன் வர்க்கம் என்பதை அக்கா மகள்தான் கண்டுபிடித்தாள்.

வரிசையில் அடுத்தது 18446744073709551617. அதன் காரணிகளுக்கு 256இன் மடங்கோடு 1 கூட்ட வேண்டும். சின்னக் காரணியான 274177 வருவது 1071ஆவது மடங்கில். அதைக் கொப்பியில் செய்ய எனக்குப் பொறுமை இல்லை, அவள் பைதான் என்ற கணினி மொழியில் எழுதிப் பார்க்கிறாளாம்.