டிவி பார்க்காத வீட்டுக்கு வந்த டிவி லைசென்ஸ் கடிதங்கள்

லண்டன் க்ராய்டனில் நாங்கள் வாடகைக்கு வந்த சில வாரங்களிலேயே முதல் கடிதம் வந்துவிட்டது. உறையில் என் பெயர் கிடையாது; 'லீகல் ஆக்குபையர்' (சட்டப்படி குடியிருப்பவர்) என்று பொதுவாகப் போட்டிருந்தது. டிவி லைசென்ஸ் என்பது இங்கே நேரலையாக டிவி பார்க்க வருஷா வருஷம் பணம் கட்டி வாங்கும் அனுமதி; அதை வசூலிக்கும் 'டிவி லைசென்சிங்' அமைப்புதான் எழுதியிருந்தது. இந்த முகவரிக்கு டிவி லைசென்ஸ் இல்லை, வாங்கிவிடுங்கள் என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்கள். அடுத்து வந்ததில் சிவப்பு எழுத்து. அதற்கடுத்ததில், உங்கள் முகவரி மீது விசாரணை தொடங்கியிருக்கிறோம், அதிகாரி நேரில் வரலாம், வழக்குப் போனால் 1,000 பவுண்டு வரை அபராதம் என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு என் மனைவிக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. விசா நீட்டிக்கும்போது குற்றத் தீர்ப்பு ஏதாவது உண்டா என்று படிவத்தில் கேட்பார்களே, அந்தக் கவலை அவளுக்கு.

பக்கத்து வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. இருபது வருஷத்துக்கு மேலாக இங்கேயே இருப்பவர். கடிதத்தைக் காட்டினேன். "இது எல்லாருக்கும் வாறதுதான் தம்பி. பாக்கேல்லையெண்டால் பாக்கேல்லையெண்டு எழுதிப் போடுங்கோ. பேசாமல் இருந்தீங்களெண்டால் கடிதம் வந்துகொண்டுதான் இருக்கும்" என்றார்.

அவர் சொன்னது சரி. நாட்டில் உள்ள முகவரிகள் எல்லாம் அவர்கள் கணினியில் இருக்கின்றன. எந்த முகவரிக்கு லைசென்ஸ் இல்லையோ அதற்குக் கடிதம் தானாகப் போகும். நீங்கள் டிவி பார்த்ததை யாரும் பார்த்துவிட்டு எழுதுவதில்லை. முன்பெல்லாம் கடையில் டிவி வாங்கினால் கடைக்காரர் நம் பெயரையும் முகவரியையும் அவர்களுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று சட்டமே இருந்தது. அதை 2013இல் எடுத்துவிட்டார்கள். இப்போது முகவரிதான் எல்லாம்.

எழுதிப் போடுவதற்கு முன்னால் நமக்கு உண்மையிலேயே லைசென்ஸ் தேவையில்லையா என்று பார்த்தேன். இங்கேதான் நம்மவர்களில் பல பேருக்குக் குழப்பம். வீட்டில் டிவி பெட்டி இருந்தால் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்று நினைக்கிறார்கள். பெட்டிக்கும் சட்டத்துக்கும் அவ்வளவு சம்பந்தம் இல்லை. எந்தச் சேனலானாலும் நேரலையாக ஒளிபரப்பாகும்போது பார்த்தாலோ பதிவு செய்தாலோ லைசென்ஸ் வேண்டும். பிபிசியின் ஆன்லைன் சேவையான ஐபிளேயரில் நேரலை, பழைய நிகழ்ச்சி எதைப் பார்த்தாலும் வேண்டும்; பழைய நிகழ்ச்சிக்கும் வேண்டும் என்பது 2016 செப்டம்பரில் வந்த விதி. நெட்ஃபிளிக்ஸில் படம் பார்க்க லைசென்ஸ் வேண்டாம். ஆனால் அதே நெட்ஃபிளிக்ஸில் குத்துச்சண்டையை நேரலையாகப் பார்த்தால் வேண்டும். டிவியா, லேப்டாப்பா, போனா என்பதெல்லாம் கணக்கில்லை. ரேடியோ கேட்க ஒன்றும் வேண்டாம். அதற்கான லைசென்ஸை 1971லேயே ஒழித்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டு டிவியில் ஆன்டெனா இணைப்பே இல்லை. இன்டர்நெட் வழியாகப் படம் பார்க்க உதவும் ஃபயர் ஸ்டிக் என்ற சின்னக் கருவி சொருகியிருக்கிறது, அதில் படமும் குழந்தைக்குக் கார்ட்டூனும் ஓடும். ஆகவே தேவையில்லை என்று அன்றைக்கே ஆன்லைனில் பதிந்திருக்கலாம். குறுக்கே வந்தது அப்பாவின் போன்.

அப்பா ஆறு மாத விசிட் விசாவில் வந்திருந்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் காபி டம்ளரோடு சோபாவில் உட்கார்ந்தாரென்றால் போனில் தமிழ்ச் செய்தி சேனல் ஓட ஆரம்பித்துவிடும். யூடியூபில், நேரலையில், ஓரத்தில் சிவப்பாக 'லைவ்' என்று போட்டபடி. சென்னையிலிருந்து வரும் சேனல் என்றாலும் டிவியில் ஓடிக்கொண்டிருப்பதை அதே நேரத்தில் இங்கே வீட்டில் பார்த்தால் லைசென்ஸ் வேண்டும். வெளிநாட்டுச் சேனலுக்கு விலக்குக் கிடையாது. ஐபிஎல் மேட்சை எந்த ஆப்பில் நேரலையாகப் பார்த்தாலும் இதே கதைதான்.

அப்பாவிடம் சொன்னேன். "யூடியூப்தானேடா? அதுக்குமா லைசென்ஸ்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, அந்தக் காலத்தில் விருதுநகர் போஸ்ட் ஆபீசில் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் கொண்டுபோய் வருஷா வருஷம் ஸ்டாம்ப் ஒட்டி முத்திரை வாங்கிக்கொண்டு வருவோம் என்று கதை சொல்ல ஆரம்பித்தார். எண்பதுகள் வரை நம் ஊரிலும் இது இருந்ததுதான். வெள்ளைக்காரன் நமக்குக் கொடுத்துவிட்டுப் போனதை நாம் தூக்கிப் போட்டுவிட்டோம், அவன் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறான் என்று அவருக்கு ஒரே சிரிப்பு.

அப்பாவுக்காகக் கட்டிவிடலாமா என்றும் யோசித்தோம். 2025 ஏப்ரலிலிருந்து அப்போது வருஷத்துக்கு 174.50 பவுண்டாக இருந்தது. மாதத் தவணையில் கட்டலாம் என்றாலும், முதல் லைசென்ஸின் முழுத் தொகையையும் முதல் ஆறு மாதத்திலேயே வாங்கிக்கொள்கிறார்கள், அப்போதைய கணக்கில் மாதம் கிட்டத்தட்ட 29 பவுண்டு. அந்தக் காசில் பெரும்பகுதி பிபிசிக்குத்தான் போகும் என்று ஒருவர் சொன்னால் எனக்கு அதில் வருத்தமில்லை. பிபிசி நல்ல காரியங்கள் செய்கிறது. ஆனால் பார்க்காத ஒன்றுக்குக் கட்ட மனசு வரவில்லை. அப்பா ஒத்துக்கொண்டார்: நேரலை வேண்டாம், செய்தி முடிந்த பிறகு சேனல்காரர்கள் தனியாக ஏற்றி வைக்கும் தொகுப்பைப் பார்க்கலாம். இரண்டு மூன்று நாள் முணுமுணுத்தார். பிறகு பழகிவிட்டது. விளம்பரமும் விவாதத்தில் கத்தலும் குறைவு என்று அவரே சொன்னார்.

அதற்கப்புறம்தான் பதிவு செய்தேன். கடிதத்தில் இருந்த எண்ணைப் போட்டு, பெயர், முகவரி கொடுத்து, லைசென்ஸ் ஏன் தேவையில்லை என்பதற்கான கேள்விகளுக்குப் பதில் சொன்னால் முடிந்தது. உடனே உறுதிப்படுத்தி மின்னஞ்சல் வந்தது. இது இரண்டு வருஷத்துக்குத்தான். அதற்குப் பிறகு மறுபடி கேட்பார்கள். சொன்னது உண்மையா என்று பார்க்க ஆள் வரலாம் என்றும் அதிலேயே போட்டிருந்தது.

இப்படிப் பதிந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. பார்க்காதவன் எதற்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்று கடிதங்களைக் குப்பையில் போடுகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். அதுவும் அவர் உரிமை. எனக்கு வீட்டில் நிம்மதி வேண்டியிருந்தது.

ஆள் வரத்தான் செய்தார். ஒரு சாயங்காலம், மழை தூறிக்கொண்டிருந்தது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு சின்னக் கருவி. இவர்கள் போலீஸ் இல்லை, ஜப்தி செய்ய வருகிறவர்களும் இல்லை. நீதிமன்ற வாரன்ட் இல்லாமல் நாம் அனுமதித்தால் ஒழிய உள்ளே வர முடியாது. வேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்தலாம். டிவியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதெல்லாம் வதந்தி. ஆனால் அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குச் சொல்லும் பதில் பின்னால் சாட்சியமாகலாம். எழுதிக் கையெழுத்துக் கேட்டால், படிக்காமல் போடவே கூடாது. ஆங்கிலம் சரளமாக வராத பெரியவர்களை வீட்டில் தனியாக விட்டுப் போகிறவர்கள் இதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது: "மகன் வந்ததும் வாங்க" என்றால் போதும்.

நான் உள்ளே வரச் சொன்னேன். மறைக்க ஒன்றும் இல்லை. ஹாலில் டிவிக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். சுவரில் இருந்த ஆன்டெனா சாக்கெட்டை வீட்டுக்காரர் பெயின்ட் அடிக்கும்போது அதன் மேலேயும் சேர்த்து அடித்துவிட்டிருந்தார், துளையே அடைந்துபோயிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஐபிளேயர் பார்ப்பீர்களா, நேரலை எதுவும் உண்டா என்று கேட்டார், இல்லை என்றேன். குறித்துக்கொண்டு போய்விட்டார். அப்பா அவருக்கு டீ கொடுக்கச் சொன்னார், அவர் வேண்டாமென்றுவிட்டார்.

அறை எடுத்துத் தங்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லோரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் வீடு எடுத்திருந்தால் பொதுவாக வீட்டுக்கு ஒரு லைசென்ஸ் போதும். ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஒப்பந்தம் என்றால், அறையில் நேரலை பார்க்கிற ஒவ்வொருவரும் தனியாக வாங்க வேண்டும். ஒப்பந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே வாங்கியவர் ஊருக்குத் திரும்புகிறார், இனித் தேவையில்லை என்றால் மீதிக் காலத்துக்கான பணத்தைத் திருப்பிக் கேட்கவும் வழி இருக்கிறது. வீடு மாறினால் 'தேவையில்லை' பதிவைப் புது முகவரிக்கு மறுபடி செய்ய வேண்டும்.

அதற்குப் பிறகு எங்களுக்குக் கடிதம் வரவில்லை. அப்பா ஊருக்குப் போய் நேரலைக்கே திரும்பிவிட்டார். மச்சான் மட்டும், அடுத்த கிரிக்கெட் உலகக் கோப்பைக்கு எல்லோரும் சேர்ந்து காசு போட்டு எங்கள் வீட்டுக்கு லைசென்ஸ் வாங்கிவிடலாம் என்று நச்சரித்துக்கொண்டிருக்கிறான். இன்னும் பதில் சொல்லவில்லை.