இடது முன்பக்கச் சத்தம்

ஜூன் 3, செவ்வாய்
மறுபடி வந்துவிட்டது. இடது முன்பக்கம். வேகத்தடையில் ஏறும்போது இல்லை, இறங்கும்போது 'டொக்' என்று ஒரே அடி. வண்டி 2,14,000 கிலோமீட்டர் ஓடியாயிற்று. அம்மாவை அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார்கள் ஆஸ்பத்திரியில்.

ஜூன் 4, புதன்
வால்பாறைக்குப் போகும் வழியில் ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. "குலுங்காம கூட்டிட்டுப் போங்க" என்று டாக்டர் சொன்னது காதிலேயே நிற்கிறது.

ஜூன் 5, வியாழன்
ஒர்க்ஷாப்பில் வண்டியை ஜாக்கியில் தூக்கினார்கள். மெக்கானிக் அண்ணன் வீலை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆட்டம் இருந்தது. என்னை உள்ளே உட்கார்ந்து பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினார். அப்போதும் போகவில்லை. வீல் பேரிங்காக இருந்தால் பிரேக் மிதித்ததும் நின்றிருக்குமாம். இது லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட்; வீலைப் பிடித்திருக்கும் கீழ்க் கையின் முனையில் உள்ள உருண்டை மூட்டு. டார்ச் அடித்துப் பார்த்தேன்: மூட்டை மூடும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து, கிரீஸும் மண்ணும் கறுப்புப் பசையாக வழிந்திருந்தது. ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷில் ரப்பர் முக்கால் வட்டம் விட்டுப்போயிருக்கிறது. லிவர் போட்டு நெம்பினால் இரும்பு தனியாக நகர்கிறது.

அவர் எழுதிக் கொடுத்தது: லோயர் ஆர்ம், டை ராடு எண்ட், லிங்க் ராடு, முன் ஷாக் அப்சார்பர் மவுண்டோடு, பின் ஷாக். கையில் இருப்பது அதில் பாதிக்குத்தான் வரும்.

ஜூன் 6, வெள்ளி
தூக்கம் இல்லை. எது உடைந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே இருந்தேன். பால் ஜாயின்ட் கழன்றால் வீல் மடங்கிவிடும். டை ராடு எண்ட் கழன்றால் அந்தப் பக்க வீல் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. இந்த இரண்டிலும் பேச்சே இல்லை, மாற்றியாக வேண்டும். லிங்க் ராடு போனால் கடகடவென்று சத்தம் வரும், வளைவில் வண்டி கொஞ்சம் கூடச் சாயும், அவ்வளவுதான்.

ஷாக்தான் உறுத்துகிறது. "இன்னும் கொஞ்ச நாள் ஓடுமுங்க" என்கிறார் அண்ணன். பானெட்டை அமுக்கி விட்டால் ஒருமுறை எழும்பி நின்றுவிடுகிறது. ஆனால் முற்றிலும் செத்த ஷாக்கைத்தான் அந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். டயரில் கை வைத்துச் சுற்றித் தடவினேன். மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கிறது. ரோட்டில் டயர் ஒட்டி ஓடவில்லை, தத்தித் தத்தி ஓடுகிறது. அம்மா முதுகில் இன்னும் தையல் பிரிக்கவில்லை.

ஜூன் 7, சனி
"நான் பஸ்லயே வந்துடறன் சாமி, நீ கடன் வாங்காதே." போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் எதுவும் ஓடவில்லை.

ஜூன் 8, ஞாயிறு
பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டேன். முன் சீட்டைச் சாய்த்துப் படுத்தாற்போல உட்கார வைக்கச் சொன்னார். அப்படியானால் முன் ஷாக் இரண்டும் இப்போதே. பின் ஷாக் தீபாவளிக்குப் பார்க்கலாம். ஷாக்கை ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது, ஆர்மை மாற்றலாம். வலது ஆர்மில் ஆட்டம் இல்லை, அது இருக்கட்டும்.

ஜூன் 10, செவ்வாய்
ஆர்மும் டை ராடு எண்டும் ஒரிஜினலே வாங்கினேன். பாதி விலையில் வேறு காட்டினார்கள்; இந்த இரண்டில் மட்டும் மனசு வரவில்லை. லிங்க் ராடு லோக்கல்.

புஷ் போல்ட்டை வண்டியை இறக்கிய பிறகு டைட் வைக்கச் சொன்னேன். "தெரியுமுங்க தம்பி. தொங்கவிட்டு முறுக்கினா ரப்பர் முறுக்கியே நிக்கும், சீக்கிரம் கிழிஞ்சுரும்." இந்த ஆளை நம்பலாம்.

ஜூன் 11, புதன்
வீல் அலைன்மென்ட் முடிந்தது. அதே வேகத்தடையில் ஏறி இறங்கினேன். சத்தம் இல்லை. திரும்பி வந்து இன்னொரு முறை. இல்லை.

வால்பாறையில் மழை பிடித்துவிட்டதாம்.

ஜூன் 12, வியாழன்
நாளை காலை 10 மணிக்கு டிஸ்சார்ஜ். காற்று செக் பண்ண வேண்டும். இரண்டு தலையணை.