ஏழு டிகிரி

“ஏழு டிகிரிதானே சார், எலும்பு கூடாமலா போயிடும்?” மயக்க மருத்துவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஸ்பைனல் மரப்பு குறையத் தொடங்கியிருந்தது. எலும்புக்குள் செலுத்தும் உலோகத் தண்டான நெயில் உள்ளே போய்விட்டது, அதை எலும்போடு பூட்டும் லாக்கிங் ஸ்க்ரூக்கள்தான் பாக்கி. “கழட்டிட்டு மறுபடி போட்டுடலாம் மேடம்” என்று பதில் சொல்லியாயிற்று.

முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பான டிபியாவின் மேல் மூன்றிலொரு பங்கில் முறிவு. அறுவையின்போதே எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்மின் நேர்ப் படத்தில் 7 டிகிரி வால்கஸ், அதாவது கீழ்த்துண்டு வெளிப்பக்கம் சாய்ந்த கோணல். பக்கவாட்டுப் படத்தில் முறிவு முன்பக்கம் புடைத்து 8 டிகிரி. நேர்ப் படத்தில் 5, பக்கவாட்டில் 10 வரை ஒப்புக்கொள்வது வழக்கம். ஒன்று கோட்டைத் தாண்டியது, மற்றது தாண்டவில்லை. விட்டுவிடவும் காரணம் உண்டு, கழற்றவும் உண்டு.

நெயில் போடும் முன் முறிவு நேராகத்தான் நின்றது. அந்த இடத்தில் எலும்பு புனல் மாதிரி விரிவதால், 10 மில்லிமீட்டர் நெயில் சுவரைத் தொடாமல் போகிறது. முழங்காலை மடக்கினால் பட்டெல்லா (முழங்கால் சில்லு) தசைநாண் மேல்துண்டை முன்னால் இழுக்கும். நெயிலின் மேல்முனை வளைவு முறிவைத் தாண்டி இறங்கினால் கீழ்த்துண்டு பின்னால் தள்ளப்படும். நுழைவாய் கொஞ்சம் உள்பக்கம் நகர்ந்தாலும் வால்கஸ்தான்; வெளிப்பக்க டிபியல் ஸ்பைனின் (டிபியா உச்சியிலுள்ள சிறு முகடு) உள்விளிம்புக்கு நேரே இருக்க வேண்டும். இங்கே அது சரியாகவே இருந்தது. அதனால்தான் கை இன்னும் தயங்கியது.

வழி, நெயில் கோணலாகப் போகாமல் தடுக்கும் போலர் ஸ்க்ரூ. கோணலின் உட்குழிந்த பக்கம், மேல்துண்டில், நெயிலின் பாதையை ஒட்டி. வால்கஸுக்கு நெயிலின் வெளிப்பக்கம், முன்னிருந்து பின்னாக ஒன்று. முன்புடைப்புக்கு நெயிலின் பின்பக்கம், குறுக்காக ஒன்று. முன்னிருந்து போகும் ட்ரில் பின்சுவரைத் தாண்டித் துள்ளினால் முழங்காலுக்குப் பின்னால் ஓடும் பாப்லிட்டியல் ரத்தக்குழாய், ஆகவே சுவரைத் தொட்டதும் அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். முதலில் ட்ரில் பிட்டையே விட்டுவைத்துப் படம் பார்ப்பது நல்லது. நடுவுக்கு அதிகம் நெருங்கினால் நெயில் மாட்டும். அங்கே சுத்தியலால் அடித்தால் சுவர் பிளக்கும். விலகினால் போட்டும் பயனில்லை. நெயிலுக்கு வழி குடையும் ரீமரை ஸ்க்ரூவைக் கடக்கும்வரை சுழற்றாமல் கையால் தள்ளுவதே பத்திரம், இல்லாவிட்டால் பல் மழுங்கும்.

ஒரு முறை நெயில் போன தடம் பஞ்செலும்பில் அப்படியே இருக்கும், நெயில் மறுபடி அதற்குள்ளேயே சறுக்கப் பார்க்கும். போலர் ஸ்க்ரூவை ரீமிங்குக்கு முன்பே போடச் சொல்வது இதற்காகத்தான். ஆனால் நேராக நிற்கும் முறிவுக்கு முன்கூட்டியே இரண்டு துளை போடுவதும் மனம் ஒப்பாத வேலை.

ஸ்க்ரூக்களைப் போட்டு நெயிலை மறுபடி இறக்கியதும் கோணல் நேரானது. மேலே மூன்று லாக்கிங், அதில் இரண்டு சாய்வாக. மயக்க மருந்தைக் கூட்ட வேண்டியிருந்தது. காயம் திறந்திருந்த நேரமும் கூடியது. தொற்று வந்திருந்தால் இந்த முடிவைக் கேட்டவர்களிடம் எந்தப் படத்தைக் காட்டுவது? 5 டிகிரி தாண்டினால் மூட்டுத் தேயும் என்று மாணவர்களுக்குச் சொல்கிறோம். அதைவிடக் கோணலான காலோடு வலியின்றி நடப்பவர்களும் ஓபிக்கு வருகிறார்கள். நேராக்கியது அந்தக் காலுக்காகவா, மறுநாள் ரவுண்ட்ஸில் விளக்குப்பெட்டியில் மாட்டப்போகும் எக்ஸ்ரேக்காகவா? இரண்டும்தான் என்றால் பாதி உண்மை.

முழங்காலை 15, 20 டிகிரி மட்டும் மடக்கி, பட்டெல்லாவுக்கு மேலே நுழையும் முறையில் தசைநாணின் இழுப்பு குறையும், முன்புடைப்பு பெரும்பாலும் வராது. அதற்கான ஸ்லீவ் (பாதுகாப்புக் குழாய்) செட் எல்லா தியேட்டரிலும் கிடையாது. இருந்தாலும், வால்கஸை அது தடுக்கும் என்று சொல்ல முடியாது.