சிக்கிள் செல் நாட்குறிப்பு: சோதனைக்குப் பிறகு என்ன?

ஜூன் 19, 2025

இன்று உலக சிக்கிள் செல் நாள். சிவப்பணு அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோய் இது. நீலகிரிக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு பழையது. இம்மலைப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் அரிவாள் செல் கூறு (பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்த மரபணு, நோயல்ல) இருப்பதை ஹெர்மன் லேமனும் மரி கட்புஷும் 1952லேயே எழுதிவிட்டார்கள். ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபின் சங்கிலியின் 6ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக வாலின் வந்து உட்காருகிறது. கோளாறு அவ்வளவுதான். ஆக்சிஜனை இறக்கியதும் இந்த 'எஸ்' ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று கோத்து இழையாகிறது, செல் வளைந்து விறைக்கிறது, சிறு ரத்தக்குழாய் அடைபடுகிறது.

இந்திய மரபு வகையில் கருப்பருவ ஹீமோகுளோபினான 'எஃப்' கூடுதலாக இருக்கும். அதை வைத்து "நம்மூர் நோய் லேசானது" என்று சொல்லிவிடுகிறார்கள். சராசரியைப் பார்த்துச் சொல்லும் பேச்சு அது. எதிரே கிடக்கும் குழந்தைக்கு அது பொருந்த வேண்டுமென்பதில்லை.

ஜூன் 24

முகாமில் செய்யும் கரைதிறன் சோதனை எளிது, அதனாலேயே அலட்சியமும் அதிகம். 2 மி.லி. கரைசலில் 20 மைக்ரோலிட்டர் ரத்தம், கலக்கி 5 நிமிடம் காத்திருப்பு. குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட அட்டையைப் பிடித்தால், கோடு தெரியாத கலங்கல் 'எஸ்' இருப்பதைக் காட்டும். தவறுகள் எங்கே வருகின்றன?

கரைசலில் உள்ள சோடியம் டைதயோனைட் நாள்பட்டால் வலுவிழக்கும். அப்போது 'எஸ்' இருந்தும் குழாய் கலங்காமல் தெளிவாகவே இருக்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கரைசலை அறை வெப்பத்துக்கு வரவிடாமல் பயன்படுத்துவதும் தவறு. தினமும் 'எஸ்' உள்ள மாதிரி ஒன்று, இல்லாத மாதிரி ஒன்று என இரண்டையும் ஓட்டிப் பார்க்காமல் முகாமைத் தொடங்கவே கூடாது.

ரத்தசோகை கடுமையாக இருந்தால் 20 மைக்ரோலிட்டரில் போதிய செல் இருக்காது. பிளாஸ்மாவை நீக்கி, அடர்ந்த செல்லில் 10 மைக்ரோலிட்டர் எடுக்கலாம். பிளாஸ்மாவில் கொழுப்பு அதிகமாகி வரும் பொய்க் கலங்கலும் இதனால் விலகும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தச் சோதனையே வேண்டாம். 'எஃப்' நிறைந்த ரத்தத்தில் 'எஸ்' மறைந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கலங்கல் வந்தால் அது கூறு மட்டுமா, நோயா என்று இந்தச் சோதனை சொல்லாது. எச்.பி.எல்.சி. (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஆய்வகச் சோதனை) பார்க்காமல் யார் கையிலும் முடிவு அட்டை கொடுக்கக் கூடாது.

ஜூன் 27

எச்.பி.எல்.சி. வரைபடத்தில் 'எஸ்' 30 முதல் 40 சதவீதமும் இயல்பான வகையான 'ஏ' அதைவிட அதிகமும் இருந்தால் பெரும்பாலும் கூறு. 'ஏ' அறவே இல்லாமல் 'எஸ்' மேலோங்கினால் நோய். மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தால் ஏற்றிய 'ஏ' குழப்பும், எனவே அந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள். 'எஸ்' உள்ளவரிடம் 'ஏ2' (எல்லோரிடமும் சிறிதளவு இருக்கும் வகை) அளவு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும், 'எஸ்'ஸின் ஒரு பகுதி அதே இடத்தில் வெளியேறுவதால். அந்த எண்ணை மட்டும் நம்பி பீட்டா தலசீமியாவும் (பீட்டா குளோபின் குறைவாக உருவாகும் பரம்பரைக் கோளாறு) சேர்ந்திருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) பாருங்கள், பெற்றோர் இருவரின் ரத்தத்தையும் பாருங்கள்.

ஜூலை 1

தேசிய சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கம் தொடங்கி இரண்டு ஆண்டு. 40 வயது வரை 7 கோடிப் பேரைச் சோதிப்பது இலக்கு. சோதித்தவர் எண்ணிக்கையைக் கேட்கும் கூட்டங்களில், நோய் உறுதியான குழந்தைகளில் எத்தனை பேர் இந்த மாதம் மருந்து வாங்கினார்கள் என்றும் கேட்க வேண்டும்.

ஜூலை 8

ஹைட்ராக்சியூரியா. 'எஃப்'பை உயர்த்தி வலியையும் மார்பு நெருக்கடியையும் (நுரையீரல் பாதித்து மூச்சுத் திணறும் நிலை) குறைக்கும் மருந்து. 9 மாதக் குழந்தைக்கே தரலாம் என்பது 2014 அமெரிக்க வழிகாட்டுதல். இந்தியாவில் பலரும் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி.யில் தொடங்குகிறார்கள்.

சிக்கல், கையில் கிடைப்பது 500 மி.கி. கேப்சூல். 12 கிலோ குழந்தைக்கு 15 மி.கி. வீதம் 180 மி.கி. வேண்டும். கேப்சூலைத் திறந்து 10 மி.லி. தண்ணீரில் கரைத்தால் ஒரு மி.லி.யில் 50 மி.கி. சிரிஞ்சில் 3.6 மி.லி. எடுத்துக் கொடுத்து, மிச்சத்தை அன்றே கழித்துவிட வேண்டும். கையுறை கட்டாயம், தூள் மூச்சில் ஏறக்கூடாது, கர்ப்பிணி தொடவே கூடாது.

அளவை உயர்த்தும் காலத்தில் நான்கு வாரத்துக்கு ஒரு சி.பி.சி. (ரத்த அணுக்களின் எண்ணிக்கைச் சோதனை). தட்டணு 80,000க்குக் கீழே போனாலோ, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு 1,250க்குக் கீழே இறங்கினாலோ நிறுத்தி, வாராவாரம் பார்த்து, தேறியதும் கிலோவுக்கு 5 மி.கி. குறைத்துத் தொடருங்கள். மாத்திரை ஒழுங்காகப் போனால் பெரும்பாலும் எம்.சி.வி. ஏறும். ஏறவில்லையென்றால் அதட்டாமல், மருந்து தீர்ந்ததா, பஸ் கிடைக்கவில்லையா என்று விசாரியுங்கள்.

ஜூலை 15

மண்ணீரல். அதைத் தொட்டுப் பார்க்க ஒவ்வொரு தாய்க்கும் கற்றுத் தர வேண்டும். ஜமைக்காவில் அப்படிக் கற்றுத் தந்தபோது மண்ணீரலில் ரத்தம் தேங்கி நேரும் இறப்புகள் குறைந்தன.

குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து முழங்காலை மடக்குங்கள். விரல்களை இடுப்பின் இடப்புறத்திலிருந்து மெல்ல மேலே, விலாவை நோக்கி நகர்த்துங்கள். விலாவுக்கடியில் இருந்தே ஆரம்பித்தால் பெரிதாக வீங்கிய மண்ணீரலின் ஓரம் கைக்குச் சிக்காது. மூச்சிழுக்கும்போது ஓரம் விரலில் இடிக்கும். இடிக்கும் இடத்தை ஒரு குச்சியில் கோடு போட்டு வையுங்கள், அடுத்த முறை ஒப்பிட அது போதும்.

குழந்தை திடீரென்று வெளிறி, சோர்ந்து, மண்ணீரல் 2 செ.மீ.க்கு மேல் வளர்ந்திருந்தால் காத்திருக்க நேரமில்லை. ஹீமோகுளோபின் வழக்கத்தைவிட 2 கிராமாவது சரிந்திருக்கும். அதிர்ச்சி நிலையில் கிலோவுக்கு 10 மி.லி. சலைன் கொடுத்தபடியே ரத்தத்துக்கு ஆள் அனுப்புங்கள். செறிவூட்டிய சிவப்பணு கிலோவுக்கு 5 மி.லி. போதும், பிறகு மறுபடி அளவு பாருங்கள். தேங்கிய ரத்தம் சுழற்சிக்குத் திரும்பும்போது ஹீமோகுளோபின் தானாக ஏறும். முதலிலேயே நிறைய ஏற்றிவிட்டால் 10 கிராமைத் தாண்டி ரத்தம் தடித்துப்போகும், மூளைவாதம்கூட வரலாம்.

ஜூலை 23

காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸ் வந்தால், கிருமி வளர்ப்புச் சோதனைக்கு ரத்தம் எடுத்துவிட்டு உடனே செஃப்ட்ரையாக்சோன் என்ற கிருமிக்கொல்லி. தொற்றைத் தடுக்க 5 வயது வரை பெனிசிலின் தினமும் இருவேளை: 3 வயதுக்குள் 125 மி.கி., பிறகு 250. 1986ல் வந்த அமெரிக்க ஆய்வில் நியூமோகாக்கல் தொற்று 84 சதவீதம் குறைந்தது.

வலி நெருக்கடிக்கு வந்தவருக்கு வலி மருந்து ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். சலைனைத் தாராளமாக ஓடவிடாதீர்கள், நுரையீரலில் நீர் கோத்து மார்பு நெருக்கடியாகும். ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் ஆக்சிஜன் கொடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 2

மரபணுவைத் திருத்தும் சிகிச்சைக்கு அமெரிக்கா 2023 டிசம்பர் 8ல் அனுமதி தந்தது, விலை 22 லட்சம் டாலர். பெரிய சாதனை, மகிழ்ச்சியே. இதற்கும் புசல்ஃபான் என்ற மருந்து கொடுத்து எலும்பு மஜ்ஜையை அழிக்க வேண்டும், தேர்ந்த மருத்துவமனையில் வாரக்கணக்கில் தங்க வேண்டும். மலைக் கிராமத்துக் குழந்தைக்கு இப்போது வேண்டியது துணை சுகாதார நிலையத்தில் பெனிசிலினும் கேப்சூலும் தீராமல் இருப்பதுதான்.