கொழும்பு வழியாகப் போகும் கண்டெய்னர்கள்

சென்னை இராஜாஜி சாலையில் உள்ள ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் ஏற்றுமதி ஆவணங்களைக் கவனிப்பது என் வேலை. ஆம்பூர்க் காலணி போன்ற ஐரோப்பியச் சரக்கில் ஒரு பகுதி, இங்கிருந்து ஃபீடர் எனப்படும் சிறிய கப்பலில் கொழும்பு சென்று, அங்கே நெடுந்தூரம் போகும் பெரிய தாய்க்கப்பலுக்கு மாறுகிறது. ஒரு டெர்மினலில் இறங்கிய கண்டெய்னர் வேறொன்றிலிருந்து ஏற வேண்டியிருந்தால், துறைமுகத்துக்குள்ளேயே லாரியில் கொண்டுபோகும் நேரத்தையும் சேர்த்துத்தான் ஏற்றுமதியாளருக்குத் தேதி சொல்ல முடியும்.

அந்த டெர்மினல்களின் உரிமையைப் பார்த்தால் இலங்கையின் வெளியுறவுக் கொள்கையே தெரியும். ஜெயா டெர்மினல் அரசுடையது. தெற்கே உள்ள சி.ஐ.சி.டி. என்ற டெர்மினலில் 85 விழுக்காடு சைனா மெர்ச்சன்ட்ஸ் என்ற சீன நிறுவனத்திடம் இருக்கிறது. 2025இல் இயங்கத் தொடங்கிய மேற்கு டெர்மினலில் 51 விழுக்காடு அதானி குழுமத்திடம் இருக்கிறது. கிழக்கு டெர்மினலை இந்தியா, ஜப்பான் இரண்டுடனும் சேர்ந்து மேம்படுத்த 2019இல் செய்த உடன்பாட்டை, துறைமுகத் தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பணிந்து 2021 பிப்ரவரியில் கைவிட்ட கொழும்பு, அதற்கு ஈடாகத்தான் மேற்கு டெர்மினலைக் கொடுத்தது. வல்லரசுகளின் போட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தத் தொழிலாளர்களை ஏனோ கணக்கில் எடுப்பதே இல்லை.

இலங்கை இந்தியா, சீனா என இரண்டு பக்கமும் தலையாட்டுகிறது என்பது எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. 1.12 பில்லியன் டாலருக்காக 2017இல் தெற்கே உள்ள அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட நாடு, 2022இல் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் நின்றபோது, ஏறத்தாழ 4 பில்லியன் டாலர் உதவி இந்தியாவிடமிருந்து வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், இந்தியாவின் ஆட்சேபத்தால் சில நாள் தள்ளிவைத்த பிறகு, யுவான் வாங் 5 என்ற சீன ஆய்வுக் கப்பலை அம்பாந்தோட்டையில் நிற்க இலங்கை அனுமதித்தது. அடுத்த முறை இந்த இக்கட்டு வராதபடி, 2024இல் எல்லா வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கும் ஓராண்டுத் தடை விதித்தது. யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டாமல் காலத்தை வாங்கிக்கொள்வதும் கொள்கைதான்.

ஆனால் அப்படிப் பேரம் பேச ஒரு பிடிமானம் வேண்டும். கொழும்பில் கப்பல் மாறும் சரக்கில் பெரும்பகுதி இந்தியாவுடையது என்பதால், சீனர் நடத்தும் டெர்மினலுக்கும் இந்தியக் கண்டெய்னர்கள் தேவைப்படுகின்றன. யாரையும் முழுதாகப் பகைத்துக்கொள்ளாமல் இருக்க இலங்கைக்கு இடம் கிடைப்பது இதனாலும்தான். 2024 டிசம்பரில் வணிகப் பணியைத் தொடங்கிய கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் குறிவைப்பது இந்தச் சரக்கைத்தான். அங்கே தாய்க்கப்பல்கள் கூடக்கூட, கொழும்பின் பேரம் பேசும் வலு அந்த அளவுக்குக் குறையும்.