தண்ணீர் ஊற்றுகிற கை யாருடையது?

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) மாப்பிள்ளை, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பெண் என்று கல்யாணம் நடப்பது புதிதல்ல. ஜனவரி 18 முதல் 25 வரை வரும் கிறிஸ்தவ ஐக்கிய வாரத்தில் இரு பக்கத்தாரும் சேர்ந்து உட்கார்ந்தால், திருச்சபை என்றால் என்ன என்ற பேச்சைப் போப்பாண்டவரில் தொடங்காதீர்கள், மாதாவில் தொடங்காதீர்கள். பவுலின் எபேசியர் நிருபம் 5-ஆம் அதிகாரத்தில் தொடங்குங்கள். 23 முதல் 32 வரை, பத்தே வசனம். பழைய திருப்புதல் என்கிற பழைய தமிழ் வேதாகமத்திலும் 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பிலும் சத்தமாக வாசியுங்கள்.

கிறிஸ்து திருச்சபைக்குத் தலை என்பதில் சண்டையே கிடையாது. இந்தப் பகுதியில் பவுல் இரண்டு படங்களைப் பின்னி வைத்திருக்கிறார்: தலையும் உடலும், மணவாளனும் மணவாட்டியும். உடலை மட்டும் பிடித்துக்கொண்டால் சபையும் கிறிஸ்துவும் ஒன்றே என்று ஆகிவிடும். மணவாட்டியை மட்டும் பிடித்தால் சபை எதிரே நின்று வாங்கிக்கொள்வது மட்டுமே. பேச்சு முறிவது பெரும்பாலும் இங்கேதான்.

26-ஆம் வசனத்தில் நிதானமாக நில்லுங்கள். பழைய திருப்புதலில் "திருவசனத்தைக்கொண்டு தண்ணீர் முழுக்கினால்" என்று இருக்கிறது. சீர்திருத்தச் சபையார், அதாவது புராட்டஸ்டண்ட் பக்கத்தார், திருவசனத்தில் கோடு போடுவார்கள், கத்தோலிக்கர் தண்ணீரில். சுத்திகரிப்பவர் கிறிஸ்து. ஆனால் ஊற்றுகிற கை சபையின் கை. அந்தக் கைக்கு என்ன பெயர்? 1964-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபை பற்றிய ஏட்டின் முதல் எண்ணிலேயே, திருச்சபை "கிறிஸ்துவில்" ஓர் அருட்சாதனம் (சாக்கிரமெந்து) "போல", அதாவது அடையாளமும் கருவியும், என்றது. அந்த "போல" என்ற சொல்லை விட்டுவிட்டுச் சொன்னால் மறுபக்கத்தார் எழுந்து போவார்கள், அது நியாயமும்கூட. லூத்தரன் சபையாரின் 1530-இன் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை வேறு வழியில் வருகிறது: நற்செய்தி தூய்மையாகப் போதிக்கப்பட்டு, சாக்கிரமெந்துகள் முறையாக வழங்கப்படுகிற விசுவாசிகளின் கூட்டமே சபை. அங்கே வசனம்தான் சபையைப் பெற்றெடுக்கிறது.

32-ஆம் வசனத்தில் பழையதில் "இரகசியம்", புதியதில் "மறைபொருள்". கிரேக்கத்தில் மிஸ்டேரியோன். லத்தீன் வேதாகமம் அதைச் சாக்ரமெந்தும் என்று எழுதியது. அந்தச் சொல்லை வைத்துத் திருமணத்தை அருட்சாதனம் ஆக்க முடியாது என்று சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1520-லேயே வாதாடினார். மொழிபெயர்ப்புச் சிக்கல் எது, விசுவாச வேறுபாடு எது என்று இங்கே பிரித்துவிட்டால் பாதி சூடு தணியும்.

இன்னொரு தவறு, "புராட்டஸ்டண்ட்" என்று எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டுவது. 1947 செப்டம்பர் 27 அன்று இதே சென்னையில், செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் பிறந்த சி.எஸ்.ஐ.க்குப் பேராயர் உண்டு, குழந்தை ஞானஸ்நானம் உண்டு. பெந்தெகொஸ்தே சபையாரோடு பேசும்போது கேள்விகளே வேறு.

27-ஐ வாசிக்காமல் எழுந்திருக்காதீர்கள். கறை திரை இல்லாத சபையைக் கிறிஸ்து தமக்கு முன் நிறுத்துவார் என்கிறது. கத்தோலிக்கர் அதோடு சங்க ஏட்டின் 8-ஆம் எண்ணையும் திறக்கட்டும்: திருச்சபை புனிதமானது, அதே நேரம் எப்போதும் தூய்மையாக்கப்பட வேண்டியது என்று அங்கே எழுதியிருக்கிறது. சீர்திருத்தச் சபையார் இதைக் கத்தோலிக்கர் வாயால் வாசிக்கக் கேட்பது, எந்த விளக்கவுரையையும்விட நல்லது.